தகுதியுள்ள ஆள் யார்?

1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்திலே 'தகுதியுள்ள ஆள்' என்றொரு தொடர் வருகிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் இன்றி நிற்கும் பிள்ளையை, உறவினராயினுஞ் சரி பிறராயினுஞ் சரி, தகுதியுள்ள ஆள் ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அச்சட்டம் அதிகாரம் அளிக்கிறது. உறவுமுறையைக் கொண்டோ மணநிலையைக் கொண்டோ அது தகுதியை அளக்கவில்லை. வீட்டுக்குச் சென்று, விசாரித்து, நீதவானுக்கு அறிக்கையிடுவது நன்னடத்தை அலுவலரின் கடமை. ஆகவே தகுதி என்பதன் பொருள் சட்டநூலின் பக்கத்தில் இல்லை. விசாரிக்கச் செல்பவரின் அறிவிலும் பயிற்சியிலும் மனச்சாய்விலுமே அது தங்கியிருக்கிறது.

இத்தொடர் இன்று இரண்டு வினாக்களை எழுப்புகிறது. பிள்ளையை ஏற்க முன்வருபவர் இன்னொரு பெண்ணோடு வாழ்வைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணாயின், அல்லது ஆணொருவரை விரும்பும் ஆணாயின், அவர் தகுதியுள்ள ஆளா என்பது ஒன்று. வீட்டிலிருந்து துரத்தப்பட்டு நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையே தன்பாலீர்ப்பு உடையதாயின், அதற்குத் தகுதியுள்ள ஆள் யார் என்பது மற்றொன்று.

இவ்விரு வினாக்களுக்கும் பொது அபிப்பிராயம் ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறது. முதலாமவர் தகுதியற்றவர், இரண்டாவது பிள்ளை திருத்தப்பட வேண்டியது. இவ்விடை தவறானது. ஆய்வுகள் இதனை ஆதரிக்கவில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தின் சொந்தப் பிள்ளைவளர்ப்பு வரலாறும் ஆதரிக்கவில்லை. ஆதாரமற்ற இவ்விடைக்கு முண்டுகொடுத்து நிற்பது பிரித்தானியர் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டத்தின் இரு பிரிவுகளாகும். அப்பிரிவுகள் நிலவும்வரை, சமூகப்பணி என்னும் துறை இவ்விடயத்தில் உண்மையை அறியவும் முடியாது. உரிய உதவியை வழங்கவும் முடியாது.

முதலில் தீவகத்தை நோக்குதல் தகும். தந்தை, தாய், பிள்ளைகள் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் வாழ்வதே தமிழ்க் குடும்பம் என்றும், அவ்வமைப்பைக் கலைக்கும் எதுவும் பண்பாட்டுக்குப் பகை என்றும் கூறுவோர், ஊர்காவற்றுறை தொடக்கம் நெடுந்தீவு வரையுள்ள வீடுகளின் வரலாற்றை மறந்தவராவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டுப் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, காரைநகர் முதலிய ஊர்களின் ஆடவர் பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தும், கடைகளிற் சம்பளத்துக்கு நின்றும் பொருளீட்டினர். கோயில் திருவிழாவுக்கும் குடும்பத்து நன்மை தீமைக்குமே அவர்கள் ஊர் திரும்பினர். எஞ்சிய நாட்களில் வீட்டை நடத்தியவர் பெண்கள். பிள்ளை தாயிடம் மாத்திரமன்றி அம்மம்மாவிடமும் பெரியம்மாவிடமும் மாமியிடமும் வளர்ந்தது.

போர் இந்நிலையை மேலும் ஆழமாக்கிற்று. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கைகளின்போது தீவக மக்களுட் பெரும்பாலோர் ஊர்விட்டு நீங்கினர். கைதானோர் பலர் காணாமற் போயினர். பின்னர் ரொறன்ரோ, பாரிஸ், இலண்டன், சுவிற்சர்லாந்து எனக் குடும்பங்கள் சிதறின. தந்தை ஒரு நாட்டிலும் தாய் ஒரு நாட்டிலும் பிள்ளை அம்மம்மாவோடு ஊரிலுமாக வாழ்ந்த ஆண்டுகள் எண்ணிறந்தன. பிள்ளை வளர்ந்தது, படித்தது, விசா வந்ததும் பறந்தது. அதனை வளர்த்தவர் பெற்றோர் அல்லர் என்பதற்காக அது குடும்பமற்ற பிள்ளை என்று எவருஞ் சொன்னதில்லை.

இவ்வமைப்பின் நடுவே நின்றவருள் முக்கியமானவர் மணமாகாத பெரியம்மா. சீதனம் கொடுக்க வழியின்மையாலோ, தங்கையரைக் கரைசேர்க்க வேண்டிய பொறுப்பினாலோ மணமின்றி நின்றுவிட்ட பெண்கள், உடன்பிறந்தாரின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். கணவன் இல்லை என்பதால் அவர்களது தகுதியை எவரும் ஐயுறவில்லை. பிள்ளை நேரத்துக்கு உண்டதா, பள்ளிக்குச் சென்றதா, காய்ச்சல் வந்தால் இரவில் விழித்திருக்க ஆள் உண்டா என்பனவே தகுதியின் அளவுகோல்களாயிருந்தன. அந்தப் பெரியம்மாருள் தன்பாலீர்ப்புடையோர் இருந்தனர் என்று ஊகிப்பது இங்கு நோக்கமன்று. அவர்கள் வளர்த்த முறையே இங்கு சான்று. அதே அடுப்பு, அதே கைகள், அதே பாடக்கொப்பி, அதே இரவு விழிப்பு யாவும் இருக்க, அவ்வீட்டில் வாழும் மற்றப் பெண் தங்கையாக அன்றி வாழ்க்கைத் துணையாக இருப்பின், பிள்ளைக்குக் கிடைக்கும் பராமரிப்பில் எது குறைந்தது? தகுதியில்லை என்போர் இவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

'தேசவழமை இதனை ஏற்குமா?' என்று கேட்போர் உளர். தேசவழமை 1706, 1707ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்டு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் பிரித்தானியராலும் ஏற்கப்பட்டது. அதில் மகவேற்புப் பற்றிய பகுதி உண்டு. பிறர் பிள்ளையைத் தம் உரித்தாளியாக ஏற்க விரும்புவோர், இயல்பாக உரித்துடைய உடன்பிறந்தாரின் சம்மதத்தைப் பெறல் வேண்டும். உடன்பிறந்தார் இல்லாதவிடத்து நெருங்கிய உறவினரின் சம்மதத்தைப் பெறல் வேண்டும். ஊரறிய மஞ்சள் நீர்ச் சடங்கு நடைபெறல் வேண்டும். அத்தொகுப்பு கணவன் மனைவியரை மனத்திற்கொண்டே பேசுகிறது என்பது உண்மை. ஆயினும் அதன் கவலை எங்கே நிற்கிறது என்பது நோக்கற்பாலது. முதுசம் எவருக்குச் சேரும், உரித்தை இழப்பவர் இசைந்தனரா, பிள்ளையின் நிலை ஊரார் முன்னிலையில் உறுதிப்பட்டதா என்பனவே அதன் அக்கறைகள். இரத்த உறவு இல்லாமலும் ஒரு பிள்ளை ஒரு வீட்டுக்கு உரியதாகலாம் என்னும் கொள்கையை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணச் சமூகம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது.

அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. அவற்றை இன்று எவரும் பண்பாட்டின் பெயரால் மீட்டெடுக்க முனைவதில்லை. வழமையில் எது மனிதருக்குத் துணைசெய்ததோ அது கொள்ளப்பட்டது. எது மனிதரை இழிவுபடுத்தியதோ அது தள்ளப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்காக நின்றவர்களை நோக்கியும் 'இது எங்கள் வழமைக்கு மாறு' என்றே சொல்லப்பட்டது. வழமை என்னும் சொல் வாதமாகாது. அது எவரைக் காக்கிறது, எவரை வெளியே நிறுத்துகிறது என்பதே கேட்கப்பட வேண்டியது.

இனிச் சட்டத்துக்கு வருவோர் ஒரு முரண்பாட்டைக் காண்பர். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டத்தின்படி தனியொருவரும் மகவேற்புக்கு விண்ணப்பிக்கலாம். இருவர் சேர்ந்து விண்ணப்பிப்பதாயின் அவர்கள் கணவனும் மனைவியுமாதல் வேண்டும். ஆகவே தனித்து வாழும் பெண்ணைச் சட்டம் தாயாக ஏற்கும். அவளோடு ஒரே வீட்டில் பத்தாண்டு வாழ்ந்து, அப்பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துப் பள்ளிக்குக் கூட்டிச்செல்லும் மற்றப் பெண், சட்டத்தின் முன் அப்பிள்ளைக்கு யாருமல்லள். முதலாமவள் இறந்தால், பிள்ளை இரண்டாம் முறையும் அநாதையாகும். இங்கே சட்டம் எவரிடமிருந்து பிள்ளையைக் காக்கிறது? பிள்ளையிடமிருந்து அதன் பராமரிப்பாளரை அன்றோ பறிக்கிறது?

இம்முரண்பாட்டுக்கு அடியில் இருப்பது 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை. அதன் 365ஆம் பிரிவு 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவைக் குற்றமாக்கிப் பத்தாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 365அ பிரிவு 'பாரதூரமான இழிசெயல்' என்பதற்கு இரண்டாண்டுவரை விதிக்கிறது. 365அ பிரிவு முன்னர் ஆடவரை மாத்திரமே குறித்தது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதனை நீக்குவதற்குப் பதிலாக, 'ஆண்' என்ற இடத்தில் 'ஆள்' என்று மாற்றிப் பெண்களையும் அதனுள் இழுத்துக்கொண்டது. சமத்துவம் என்பது உரிமையைப் பகிர்வதாக அன்றித் தண்டனையைப் பகிர்வதாக முடிந்தமைக்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

இப்பிரிவுகளின் அடித்தளம் தளர்ந்து வருகிறது என்பதும் குறிப்பிடத்தக்கது. 2016 நவம்பரில் இலங்கையின் உயர் நீதிமன்றம் 365அ பிரிவின் கீழான குற்றத்தீர்ப்பொன்றை நிலைநிறுத்தியபோதிலும், சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. வளர்ந்தோர் தம் இசைவோடு நடத்தும் அந்தரங்க வாழ்வு குற்றவியல் சட்டத்துக்குரிய விடயமன்று என்னும் இக்காலச் சிந்தனையையும் சுட்டிற்று. 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, ரொசானா ஃப்ளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், பெண்களின் தன்பால் உறவைக் குற்றமாக்குவது இலங்கை ஏற்றுக்கொண்ட சமவாயத்தை மீறுவது என முடிவு செய்தது. 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம், இப்பிரிவுகளைத் திருத்துவதற்குப் பிரேம்நாத் தொலவத்த கொணர்ந்த தனியார் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று எனத் தீர்மானித்தது. நீதிமன்றம் கதவைத் திறந்தது. 2024இல் பாராளுமன்றம் கலையும் வரையும் அதன் உறுப்பினர்கள் அவ்வாயிலைக் கடக்கவில்லை.

'இப்பிரிவின்கீழ் எத்தனை பேரைத் தண்டித்தார்கள்? பயன்படாத சட்டத்துக்கு ஏன் இத்தனை ஆரவாரம்?' என்று கேட்பது சிலரது வழக்கம். சட்டம் நீதிமன்றத்தில் மட்டும் வேலை செய்வதில்லை. மிரட்டிப் பணம் பறிப்பவனின் வாயிலும், மகளை அடைத்துவைக்கும் தகப்பனின் வாயிலும் அது வேலை செய்கிறது. அதனினும் நுட்பமாக, உதவி வேண்டி வந்தவரின் தொண்டையில் அது வேலை செய்கிறது. சமூகப்பணியின் முதற் கருவி சேவைநாடியின் சொல். தன் வாழ்வின் மையமான உண்மையைச் சொன்னால் குற்ற ஒப்புதல் ஆகிவிடுமோ என்று அஞ்சும் ஒருவர், அலுவலரின் முன் அமர்ந்து எதனைப் பேசுவார்? அவர் தலையிடி என்பார். நித்திரை இல்லை என்பார். கலியாணம் வேண்டாம் என்பார். அலுவலரும் தலையிடியையே எழுதிக்கொள்வார். கோவை நிறையும், உண்மை வெளியே நிற்கும்.

தீவகத்தில் இவ்விடர் இரட்டிப்பாகிறது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகேறும் புதிய முகம் எவருடையது, எந்த வீட்டை நாடி வருகிறது என்பது படகு கரைசேர முன்னரே பேச்சாகிவிடும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணையாளரின் அறைக்கு வெளியே வாங்கில் அமர்ந்திருப்பவரை, பக்கத்து மேசைக்கு வந்த உறவினர் காண்பர். பட்டினத்தில் வீட்டுத் தரிசிப்பு ஓர் உதவி; சிறு தீவில் அதுவே ஓர் அறிவித்தலாகவும் ஆகலாம். எனவே நகரத்திற்கென எழுதப்பட்ட நடைமுறைகளைத் தீவுக்குப் பெயர்த்து வைத்தல் போதாது. தாய்சேய் நல வருகை, முதியோர் கொடுப்பனவு, பாடசாலை இடைவிலகல் விசாரணை போன்ற வழமையான பணிகளோடு இணைத்து இரகசியம் பேணும் முறை எது, தொலைபேசி உரையாடல் எங்கு உதவும், எந்த உறவினரை முதலில் நாடலாம் என்பனவற்றை அவ்வத் தீவின் நிலையறிந்து ஆராய வேண்டும். அத்தகைய ஆய்வுக்கு வாய்திறக்கும் மனிதர் வேண்டும். வாய்திறப்போரைச் சந்தேகநபராக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு, 'இவர்களைப் பற்றி ஆதாரம் எங்கே?' என்று கேட்பது, கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் எங்கே என்று கேட்பதை ஒக்கும்.

'தீவகத்தில் அப்படிப்பட்டவர் எவரும் இல்லை' என்னும் கூற்றின் பெறுமதியும் இதனால் விளங்கும். பேசியவரை ஊர் துரத்திற்று. பேசாதவரை ஊர் காணவில்லை. அண்மைய ஆண்டுகளில் யாழ்ப்பாண நகரில் பால்புதுமையர் தம் உரிமை கோரி வீதியில் நடந்தபோது பலர் வியந்தனர். அவர்கள் வேற்று நாட்டிலிருந்து இறக்குமதியானோர் அல்லர். தமிழ் பேசும் வீடுகளிற் பிறந்தோர். இறக்குமதியானது அவர்களது இயல்பன்று; அவ்வியல்பைக் குற்றமாக்கிய 1883ஆம் ஆண்டுச் சட்டமே. இலங்கை நிலைமை பற்றி 2016இல் வெளியான மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் அறிக்கை, ஐந்து விரலும் ஒன்றல்ல என்னும் கருத்தைத் தன் தலைப்பாக்கிக் கொண்டது. ஐந்து விரலும் ஒன்றாயிருப்பதில்லை என்பது தமிழ் வீடுகளில் தாய்மார் அன்றாடம் சொல்லும் வார்த்தை. ஒரு விரல் மற்றொன்றைப் போல் இல்லை என்பதற்காக அதனை வெட்டியெறியும் தாய் எவருமில்லை.

இனி ஆய்வுகளை நோக்குக. 1983இல் இங்கிலாந்தில் சூசன் கொலொம்பொக், ஆன் ஸ்பென்சர், மைக்கேல் ரட்டர் ஆகியோர், தன்பாலீர்ப்புடைய தாய்மாரின் 27 வீடுகளில் வளர்ந்த 37 பிள்ளைகளையும், தனித்து வாழும் ஏனைய தாய்மாரின் 27 வீடுகளில் வளர்ந்த 38 பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். உளநலத்திலோ, ஆண் பெண் என்னும் தன்னுணர்விலோ தாயின் பாலீர்ப்பால் விளைந்த கேடு எதுவும் காணப்படவில்லை. பின்வந்த தொடர் ஆய்வுகளும் அதனையே உறுதி செய்தன. அமெரிக்க உளவியலாளர் சங்கம் 2004இல், பெற்றோராதற்குப் பாலீர்ப்பு ஒரு தடையாகாது எனத் தீர்மானம் நிறைவேற்றிற்று. இங்கிலாந்தின் 2002ஆம் ஆண்டு மகவேற்புச் சட்டம், ஒருபாலிணையர் சேர்ந்து மகவேற்க வழிவகுத்தது.

எதிர்வாதிகள் 2012இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ரெக்னரஸ் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவர். அவ்வாய்வில், பெற்றோரில் ஒருவர் எப்போதாவது தன்பால் உறவில் இருந்தார் என்று கூறியோர் ஒரு பிரிவாகவும், என்றும் பிரியாத தாய் தந்தையரோடு வளர்ந்தோர் மற்றொரு பிரிவாகவும் வைக்கப்பட்டனர். முதற்பிரிவினருட் பலர் குடும்பப் பிரிவுகளைக் கண்டோர். பிரிவின் வடுவை ஈர்ப்பின் தலையிற் சுமத்திய ஒப்பீடு அது. அமெரிக்கச் சமூகவியற் சங்கம் 2013இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்துக்கு அளித்த சமர்ப்பணத்தில், ஒருபாலிணையரின் பிள்ளைவளர்ப்பைப் பற்றி அவ்வாய்வு எதனையும் நிறுவவில்லை எனக் காட்டிற்று. இதே முறையைத் தீவகத்திற் பிரயோகித்தால் விளைவது யாது? 1990இல் இடம்பெயர்ந்து அம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகளையும், போரைக் காணாத ஊரில் பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு அம்மம்மாவே காரணம் என்று முடிவு கட்டலாம். அவ்வாறு கட்டுபவரை ஆய்வாளர் என்று எவரும் மதியார்.

பிள்ளையே தன்பாலீர்ப்பு உடையதாயிருக்கும் இரண்டாவது வினாவுக்கு ஆய்வு தரும் விடை மேலும் கடுமையானது. கலிபோர்னியாவில் கெயிற்லின் றையன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளரிளம் பருவத்திற் குடும்பத்தாரால் மிகையாக நிராகரிக்கப்பட்டோர், நிராகரிப்பைக் காணாத அல்லது மிகக் குறைவாகக் கண்ட தன்பாலீர்ப்பினரை விட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். பிள்ளையைக் கொல்லும் நஞ்சு அதன் இயல்பில் இல்லை. வீட்டாரின் வாயில் இருக்கிறது. அதே ஆய்வு மரபு ஒரு நம்பிக்கையையும் தருகிறது. பிள்ளையின் இயல்பை முழுவதும் விளங்கிக்கொள்ளாத குடும்பங்களும், ஏச்சையும் அடியையும் விலக்கலையும் குறைத்தாலே பிள்ளையின் ஆபத்து குறைகிறது. சமூகப்பணியாளர் ஒரு தகப்பனின் சமயத்தையோ கொள்கையையோ மாற்ற வேண்டியதில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் பிள்ளைக்கும் இடம் உண்டு என்பதை உறுதிப்படுத்தினாலே ஓர் உயிர் தப்பும். இவ்வேலை தமிழில், தீவகத்து வீட்டுத் திண்ணையில், அவ்வீட்டு மொழியில் நடைபெற வேண்டியது.

பெற்ற வீடு மறுக்குமாயின், அடுத்த கதவு எது? 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட சிறுவர் இல்லங்களில் 14,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் வாழ்ந்தனர்; அவருட் பெரும்பாலோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடிருந்தனர். இல்லத்தை விடக் குடும்பமே மேல் என்பதை 2019இல் ஏற்கப்பட்ட மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆயின், வளர்ப்புக் குடும்பங்களுக்குத் தட்டுப்பாடு உள்ள நாட்டில், பிள்ளையை ஏற்க மனமுவந்து வருபவரை அவர் எவரை நேசிக்கிறார் என்பதற்காகத் திருப்பியனுப்புவது எவ்வகை நியாயம்? அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலம் 1985இல் இத்தவற்றைச் செய்தது. பொஸ்ரன் நகரில் டொன் பாபெற்ஸ், டேவிட் ஜீன் என்னும் இருவரின் வீட்டில் ஒப்படைக்கப்பட்ட இரு சிறுவர், பத்திரிகைச் செய்தியொன்று வெளியானதும் அங்கிருந்து அகற்றப்பட்டனர். அகற்றியது பராமரிப்பிற் கண்ட குறையால் அன்று, பேச்சுக்கு அஞ்சி. மணமான தம்பதியர்க்கே முதலிடம் என்ற விதியும் வகுக்கப்பட்டது. ஐந்தாண்டுப் போராட்டத்தின் பின் 1990இல் அரசு அவ்விதியைக் கைவிட்டது. அந்த ஐந்தாண்டுகளை அச்சிறுவர்க்கு எவருந் திருப்பிக் கொடுக்கவில்லை.

இறுதியாக ஒரு தடை எழுப்பப்படும். 'எங்களுக்கு ஒன்றுமில்லை, ஊர் பேசும், பள்ளியிற் பிள்ளையைக் கேலி செய்வார்கள், ஆகவே பிள்ளையின் நன்மைக்காகவே மறுக்கிறோம்' என்பது அது. மிகக் கண்ணியமாகத் தோன்றும் இவ்வாதமே மிக ஆபத்தானது. கேலி செய்பவனைத் திருத்தாமல் கேலிக்குள்ளாகும் குடும்பத்தைக் கலைப்பது, குற்றவாளிக்குத் தீர்ப்பெழுதும் பேனாவைக் கொடுப்பதாகும். சாதி கடந்து மணந்தோரின் பிள்ளைகளும் ஒருகாலத்தில் பள்ளியிற் கேலிக்குள்ளாயினர். அதற்காக அப்பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறிக்க வேண்டும் என்று எவரும் வாதாடவில்லை. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1984இல், வேற்றினத்தவரை மணந்த தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்த உத்தரவை நீக்கியபோது, தனிமனிதரின் காழ்ப்புக்குச் சட்டம் வலிமை சேர்க்கலாகாது என்னும் கொள்கையை நிறுவிற்று. ஊர்ப்பேச்சு யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. அதற்கு நீதிமன்ற முத்திரை குத்துவதே தவறு.

தமிழ் பேசும் நிலத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 2021 ஜூன் 7ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி வந்த இரு பெண்களின் வழக்கிற் பாதுகாப்பு வழங்கியதோடு, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளையும் தடைசெய்தார். தீர்ப்பெழுத முன்னர் அவர் உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து இவ்விடயத்தைக் கற்றுக்கொண்டார் என்பது இன்னும் பெரிது. கற்பதற்கு ஒரு நீதிபதி வெட்கப்படவில்லை. அவ்வழக்கின் வழியாகவே தமிழ்நாட்டு அரசு 2022இல் மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம், குடும்பம் அமைதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று எனவும், தேர்ந்துகொண்ட உறவுகளும் குடும்பமாகும் எனவும் ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018இல் தன்பால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியபோதிலும், 2023 ஒக்டோபரில் ஒருபாலிணையரின் திருமணத்தையும் இணைந்த மகவேற்பையும் ஏற்க மறுத்தது என்பதும் உண்மை. பாதை நேராகச் செல்வதில்லை. ஆயினும் தமிழில் இதனைப் பேச முடியாது என்ற சாட்டு இனிச் செல்லாது.

இலங்கையிற் சமூகப்பணிக் கல்வி 1952இல் தொடங்கி, 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக வளர்ந்தது. அந்நிறுவகமும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியவை தெளிவானவை. பாலீர்ப்புப் பற்றிய அறிவு நன்னடத்தை அலுவலர், சமூகசேவை உத்தியோகத்தர், உளவளத்துணையாளர் ஆகியோரின் பயிற்சியிற் கட்டாய பாடமாதல் வேண்டும். சேவைநாடியின் சொல் வெளியேறாது என்னும் உறுதி எழுத்திலமைந்த தொழில் ஒழுக்கமாதல் வேண்டும். ஆய்வு மாணவர் சேகரிக்கும் குறிப்புக்களில் பெயரும் ஊரும் அடையாளமும் இல்லாமற் காக்கும் முறை வகுக்கப்படல் வேண்டும். வளர்ப்புப் பெற்றோர் பற்றிய அறிக்கையிற் பாலீர்ப்பு தகுதியின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படலாகாது. துரத்தப்பட்ட பிள்ளைக்கு இல்லம் தேடுமுன், அதனை ஏற்க மனமுள்ள பெரியம்மாவையும் மாமாவையும் தேடுதல் வேண்டும். கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதப்படும் செயற்றிட்ட அறிக்கைகள் இவற்றுக்கு ஈடாகா. நெடுந்தீவுத் தாய்க்கு விளங்கும் தமிழில் எழுதப்படாத எந்த அறிவும் அவள் பிள்ளையைக் காக்காது.

இவை யாவற்றுக்கும் முன்நிபந்தனையாக 365அ பிரிவு நீக்கப்படல் வேண்டும். 365ஆம் பிரிவும் வளர்ந்தோரின் இசைவான வாழ்வைத் தொடாத வகையில் திருத்தப்படல் வேண்டும். பிள்ளைகளை வன்முறையிலிருந்து காக்கும் விதிகள் சட்டக்கோவையில் வேறாக உள்ளன. அவை அங்ஙனமே உறுதியாக நிற்கட்டும். அவற்றோடு இதனைக் குழப்புவது அறியாமையாயின் திருத்தலாம். அறிந்தே குழப்புவதாயின் அது அவதூறு.

ஊர்காவற்றுறை நீதவான் முன் நாளை ஒரு பிள்ளை நிறுத்தப்படலாம். அதன் தந்தை கடலில் மறைந்திருக்கலாம், தாய் கைவிட்டிருக்கலாம், அல்லது அது தான் யார் என்பதைச் சொன்னதற்காகவே படலைக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கலாம். அப்பிள்ளையை ஏற்க ஒருவர் கைநீட்டி நிற்பார். நன்னடத்தை அலுவலர் தம் அறிக்கையில் எழுத வேண்டியது அந்தக் கைகளைப் பற்றி: அவை சமைக்குமா, தாங்குமா, அடியாதிருக்குமா, நோயில் விழித்திருக்குமா என்பதைப் பற்றி. தீவகத்துப் பெரியம்மாவை எந்த அளவுகோலால் ஊர் அளந்ததோ, அந்த அளவுகோலே எல்லார்க்கும் போதுமானது. அதற்கு மேலான கேள்வி எதனையும் கேட்க அரசுக்கு உரிமையில்லை. அதற்குக் குறைவான கேள்வியோடு நிறைவடைய அலுவலருக்கும் உரிமையில்லை.